பூட்டின ரூமிலிருந்து வந்த போன்

கிருபா, போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மூணு பேரும் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு கேள்வி வந்தது. உங்கள் ஆலையில் ஒரு புது போன் கம்பெனிக்காகத் தனி லைன் போடுகிறார்கள், விருப்பம் உள்ளவர்கள் அதற்கு மாறலாம் என்று சொன்னீர்கள். "புது பிராண்டெல்லாம் பெரிய பிராண்டோட மோதி நிக்குமா அங்கிள்? ஆறு மாசத்துல மூடிட்டா நாங்க எங்க போறது?" என்று கண்ணாடி போட்ட அந்தப் பெண் கேட்டாள். குழம்பு ஆறுகிறது என்று உன் அம்மா சத்தம் போட்டதால் நான் பதில் சொல்லாமல் விட்டதாக நினைத்திருப்பீர்கள். குழம்பு மட்டும் காரணம் இல்லை. பதில் சொல்லணும்னா ஒரு சம்பவத்தைச் சொல்லணும். சாப்பிடும்போது சொல்லுகிற மாதிரி சம்பவம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ. பிழை இருந்தால் நீயே திருத்தி மற்றவர்களுக்குக் கொடு.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆலை ஒரகடம் ரோட்டில் இருந்தது. அங்கே சொந்தப் பேரில் போன் செய்வதில்லை. மற்ற கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கும், நாங்கள் பொருத்தி, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புவோம். ரிட்டயர் ஆக எனக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போது அங்கே ரெண்டு லைன் ஓடியது. ஒன்று ஊருக்கெல்லாம் பேர் தெரிந்த கம்பெனிக்கு. இன்னொன்று யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனிக்கு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. பெரிய லைன், புது லைன் என்று சொல்லுவோம். பெரிய லைன்காரர்களுக்குக் கேன்டீனில்கூட ஒரு நடை இருந்தது.

ரெண்டு லைனுக்கும் கடைசிச் சோதனை என்னுடையது. ஒரு தடவைக்குச் செய்து அனுப்புகிற லாட் ஒவ்வொன்றிலும் சிலதை எடுத்துப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். தாஸ் என்று என் கையெழுத்து விழாமல் லாரி கிளம்பாது.

அந்த ஹால் உங்களுக்குப் புதுசு இல்லை. ஜன்னல் கிடையாது. பகலா, சாயங்காலமா, வெளியே மழையா எதுவும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு, தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். கண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுவோம். அதைவிட எனக்கு ஒட்டாதது ஏஜிங் ரூம். செய்து முடித்த போன்களை ரேக்கில் அடுக்கி மணிக்கணக்கில் ஓடவிடுவார்களே, அதுதான். நூற்றுக்கணக்கான திரையில் ஒரே பெண் ஒரே பூந்தோட்டத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பாள். எல்லாத் திரையிலும் ஒரே நொடியில் திரும்பிப் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அந்த நொடிக்கு நான் பழகவே இல்லை.

புது கம்பெனியின் ஆள் நவீன். முப்பது வயசு தாண்டியிருக்கும். எங்கள் ஆலையிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். தீபாவளிக்கு அவர்களுடைய முதல் போன் கடைக்கு வரணும். வியாழக்கிழமை காலையில் முதல் லாரி. "தாஸ் சார், பெரிய கம்பெனி ஒரு போன் சரியில்லாம போட்டா, ஜனங்க அடுத்த மாடலுக்குக் காத்திருப்பாங்க. நாங்க போட்டா கம்பெனியே ஃபிராடுன்னு சொல்லிடுவாங்க" என்பான். பேசும்போது கையில் ஒரு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பான், காய்ச்சல் வந்த குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல.

லாட் தயாராவதற்கு முந்தின வாரம் அவன் பத்துத் தொழிலாளிகளுக்குப் பத்து போன் கொடுத்தான். சொந்த சிம் போட்டு ஒரு வாரம் சொந்த போன் மாதிரி வைத்திருந்து நல்லது கெட்டது சொல்லணும். போன் செய்கிறவர்கள் உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் ஷிப்ட் நேரத்தில் அந்தப் பத்து போனும் அவரவர் ரூமில்தான் இருக்கும்.

முதல் புகாரைக் கொண்டுவந்தவர் ஸ்டோர்ஸ் முனுசாமி, பிள்ளைப்பாக்கத்துக்காரர். "சார், இது தானா ஆடுது. தொடாமலே தொறக்குது. இன்னாமோ தேடற மாதிரி தேடுது" என்று மேஜையில் வைத்தார்.

பக்கத்தில் நின்ற லைன் சூப்பர்வைசர் குமரவேலுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா முனுசாமிண்ணே, சாயங்காலம் ஆனா உனக்கு வூடு, தெரு, கம்பம் எல்லாமே தானாத்தான ஆடும்!"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் மேஜையில் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். போன் சமர்த்தாகக் கிடந்தது. 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பு அந்த ரெண்டு வார்த்தை. போன் என் மேஜையில் சரியாக இருக்கிறது என்பதைத்தான் நான் பார்த்தேன். முனுசாமி வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இசக்கிக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

இசக்கி நாங்குநேரிப் பக்கம். இருபத்திரண்டு வயசு. புது லைனில் டச் சோதனை மேஜையில் நிற்பாள். நவீன் கொடுத்த பத்து போனில் ஒன்று அவளிடம் இருந்தது. படப்பையில் பெண்கள் ஹாஸ்டலில் நாலு பேர் ஒரு ரூம், நாலு பேருக்கும் ஒரே ஷிப்ட். அவள் அப்பாவுக்கு மகளை இவ்வளவு தூரம் அனுப்ப மனசே இல்லை. ஒரு சின்னப் பேச்சு கிளம்பினாலும் பஸ் ஏறிவந்து கூட்டிப்போய்விடுவார் என்று அவளே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால். நான் புது லைனில் அவள் மேஜைக்கு எதிரே நின்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் கேமராவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின போன் வைத்துக்கொள்ள அனுமதி. அது அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'இசக்கி' என்று இருந்தது.

இசக்கி எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ரெண்டு கையிலும் விரலுறை. கண் என்னைப் பார்த்தது.

"உன் போன் எங்கம்மா?"

"ரூம்ல சார். சார்ஜ்ல போட்டுட்டு வந்தேன்."

"ரூம்ல யாரு?"

"யாரும் இல்ல சார். நாலு பேரும் இங்கனதான நிக்கோம்."

முந்தின நாள் அக்கா வளைகாப்புக்கு லீவு கேட்டு அவள் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அதனால் பேர் என் போனில் இருந்தது. அவள் போனில் கடைசியாகக் கூப்பிட்ட எண்ணும் என்னுடையதுதான். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பேச்சு இல்லை. தூரத்தில் டக்… டக்… டக் என்று ஒரு சத்தம் மட்டும். இசக்கியின் கண் பெரிதானது. "சார், அது எங்க ரூம் ஃபேன். ஒரு ரெக்கை தட்டும்." காலையில் அணைக்க மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள். அழைப்பு நின்றது. அரை நிமிஷத்தில் ஒரு படம் வந்தது. பச்சைச் சுவர், சுற்றுகிற ஃபேன், கொடியில் தொங்கும் துப்பட்டாவின் ஓரம். இசக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எடுத்ததா சார்? அப்பம் உள்ள யாரு இருக்கா?"

ஹாஸ்டல் பொறுப்பாளர் ரோஸி அக்காவைக் கூப்பிட்டேன். மாடிப்படி ஏறுகிற மூச்சு கேட்டது. "ரூமு பூட்டித்தான் கீது சார். சாவி என் இடுப்புல கீது. திருடன் எவனா ஜன்னல் வழியா…" அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே இன்னொரு அழைப்பு. இசக்கி. ரோஸி அக்காவை நிறுத்திவைத்துவிட்டு அதை எடுத்தேன். "யாரது? யாருடா உள்ள?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். ஃபேன் சத்தம்தான். துண்டித்துவிட்டு ரோஸி அக்காவிடம் திரும்பினேன். அவர் குரல் மாறிப்போயிருந்தது. கிசுகிசுப்பாகப் பேசினார்.

"சார்… உள்ள ஒரு ஆம்பளை பேசறான் சார். 'யாரது'ன்னு கேக்கறான். நான் வெளிய நிக்கிறது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்."

 அது என்னுடைய குரல்தான் என்று எனக்கு உறைக்கவே சில நொடி ஆனது. கட்டிலில் கிடந்த போன் தானாக என்னைக் கூப்பிட்டு, தானாக ஸ்பீக்கரையும் போட்டு, நான் கத்தினதை அந்த ரூமுக்குள் கத்தியிருக்கிறது. அதைச் சொல்லி ரோஸி அக்காவை நம்ப வைக்க முடியவில்லை. அவர் நாலு பேரைக் கூட்டிக் கதவைத் திறந்தார். ரூம் காலி. கட்டிலில் போன் மட்டும், திரை எரிந்தபடி.

மத்தியானம் ஷிப்ட் பஸ் மாறுவதற்குள் செய்தி ரெண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேருக்கு அது பேய். ஏரியைத் தூர்த்துக் கட்டின ஆலை, எலும்பு கிடைத்தது, அப்படி இப்படி என்று. மீதிப் பேருக்கு அது ஆள். இசக்கி ரூமுக்குள் எவனையோ விட்டிருக்கிறாள், அவன் ஜன்னல் வழியாக ஓடிவிட்டான். முதல் கதையால் புது லைன் ஸ்தம்பித்தது. போனைத் தொடவே பயந்தார்கள். காலரில் வேப்பிலை செருகி வந்தவர்களை வாசலில் நிறுத்தி எடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. குமரவேலே ஏஜிங் ரேக்கின் மேல்தட்டில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கேட்டபோது "சும்மா, வாசனைக்கு சார்" என்றார். ரெண்டாவது கதை இசக்கியைத் தின்றது. கேன்டீனில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் ஆலைத் தலைமை அதிகாரி என்னையும் நவீனையும் கூப்பிட்டார். அவருக்கு ரெண்டாவது கதை வசதியாக இருந்தது. "ஹாஸ்டல் ரூல் மீறல். அந்தப் பொண்ண ஊருக்கு அனுப்பிடலாம். லெட்டர் டைப் பண்ணியாச்சு. பேய்ப் பேச்சும் அதோட நிக்கும். தாஸ், லாட் கையெழுத்து நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்."

அவர் கெட்டவர் இல்லை. லாரி நின்றால் புது லைன் நிற்கும், அத்தனை பேர் வீட்டில் வேலை நிற்கும். எதிரே ஒரே ஒரு பெண். அந்தக் கணக்கை அவர் போட்டுவிட்டார்.

நான் வெளியே வந்தபோது இசக்கி தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றிருந்தாள். ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குப் போய் அந்த போனை எடுத்துக்கொண்டு, வெளிக் கேட்டில் சொல்லி உள்ளே வந்திருக்கிறாள். கையை மூடி அதைப் பிடித்திருந்தாள்.

"இதுல படமா எடுத்து வச்சிருக்கு சார். எல்லாம் ஃபேனும் சுவரும்தான். ஆனா…" நிறுத்தினாள். "நேத்து நாங்க ரூம்ல இருக்கும்போதும் எடுத்திருக்கு. அங்கனதான சார் நாங்க துணி மாத்துவோம்."

அந்தப் படங்களைக் காட்டினால் அவள் மேல் தப்பில்லை என்று அந்த நிமிஷமே நிரூபணம் ஆகிவிடும். ஆலை முழுக்க அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஆனால் காட்டினால், அவளோடு ரூமில் இருக்கிற மூணு பெண்களின் மானமும் மீட்டிங் ரூம் மேஜைக்கு வரும். யார் யார் பார்ப்பார்கள், யார் தன் போனுக்கு மாற்றிக்கொள்வார்கள், சொல்ல முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். சார் என்ன சொல்லுகிறாரோ செய்யலாம் என்று வந்திருக்கிறாள்.

"எனக்குக் காட்டாதம்மா. எல்லாத்தையும் அழிச்சிடு."

"அழிச்சா என்ன நம்புவாவளா சார்?"

"தெரியாதும்மா. அழிச்சிடு."

என் கண் முன்னாலேயே அழித்தாள். இப்போது எங்களிடம் எந்தச் சாட்சியும் இல்லை. என் போனுக்கு வந்த ஃபேன் படத்தைக் காட்டினால், உள்ளே இருந்தவன் எடுத்தது என்றுதான் சொல்லுவார்கள். பிள்ளைகளே, நான் அன்றைக்குத் தைரியமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. கிருபா, நீ அப்போது பிளஸ் டூ. என்னப்பா என்று கேட்டாய். தலைவலி என்றேன்.

அந்த ரூமிலேயே வைத்துச் சோதிக்கலாம் என்று நவீனிடம் சொன்னேன். மறுநாள் பகல் பதினொன்றரைக்கு நவீன், குமரவேல், இசக்கி, நான் நாலு பேரும் கம்பெனி வேனில் படப்பை போனோம். லாரிக்குப் போகத் தயாராயிருந்த லாட்டிலிருந்து இருபது போன் எடுத்துக்கொண்டோம். நவீன் இருபது புது சார்ஜரும் கொண்டுவந்தான். இசக்கியின் ரூமில் நாலு கட்டில் மேலும் தரையிலும் போன்களை வானம் பார்த்து வைத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் செருகினோம். ஜன்னல் மூடியிருந்தது. ஃபேன் டக் டக் என்று தட்டியது. வாசலில் ரோஸி அக்கா, அவர் பின்னால் அடுத்த ஷிப்ட் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

பத்து நிமிஷம். இருபது. நாற்பது. ஒன்றும் நடக்கவில்லை. இருபது கறுப்புத் திரையில் ஃபேன் நிழல் மட்டும் சுற்றியது.

நவீன் முகம் தெளிந்தது. "சார், அந்த ஒரு போன்லதான் ஏதோ…" என்று ஆரம்பித்தான். வாசலில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "அப்ப ஆளுதான்டி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. இசக்கி கட்டில் விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றாமல், "நீ எதுலம்மா சார்ஜ் போட்டே? இதே மாதிரிதானா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்களுக்கு போன் மட்டுந்தான குடுத்தீய. நான் என் சார்ஜர்லதான் போட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்குனது."

எங்கள் ஆலையில் எல்லாமே எர்த் ஆனது. தரை, மேஜை, நாற்காலி, ஏன் ஆட்கள்கூட. மணிக்கட்டில் பட்டி கட்டி எங்களையே எர்த் பண்ணித்தான் உள்ளே விடுவார்கள். கரன்ட் சுத்தம். சார்ஜர் கம்பெனிச் சார்ஜர். அந்த போன்கள் பிறந்ததிலிருந்து ஒரு ரெண்டு பின் ரோட்டோர சார்ஜரைப் பார்த்ததே இல்லை. அந்த போன்களை வாங்குகிறவர்கள் பிறந்ததிலிருந்து வேறு எதையும் பார்த்ததில்லை.

"அம்மா, எல்லாரும் அவங்கவங்க சார்ஜரை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

கொண்டுவந்தார்கள். பழுப்பேறினது, கழுத்தில் டேப் சுற்றினது, ரப்பர் பேண்ட் போட்டது, பல்லி மாதிரி வால் அறுந்து ஒட்டுப்போட்டது. "இது ஒரு சைடு சாய்ச்சு வச்சாத்தான் ஏறும் சார்" என்று ஒரு பெண் செருகியும் காட்டினாள். குமரவேல் சிரிக்கப் பார்த்தார். இருந்த சார்ஜருக்கு மாற்றி மாற்றிச் செருகினோம்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த போன் முதலில் கண் திறந்தது.

யாரும் தொடவில்லை. திரை நகர்ந்தது. டயல் பண்ணும் எண்கள் வந்தன. ஒவ்வொரு எண்ணாக விழுந்தது, நிதானமாக, யோசித்து யோசித்து அழுத்துகிற மாதிரி. ஐந்து எண் விழுந்ததும் நின்றது. பிறகு எல்லாம் அழிந்து மறுபடி ஆரம்பித்தது. அதற்குள் தரையில் ரெண்டு எரிந்தன. அப்புறம் ஒரு வரிசை. ஒன்றில் கேமரா திறந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முகம் எல்லாம் கீழேயிருந்து மேலாக அதில் தெரிந்தது, மூக்குத் துவாரமும் மோவாயுமாக. கிளிக். மறுபடி கிளிக். இன்னொன்றில் எழுத்துகள் ஓடின, நின்றன, கொஞ்சம் பின்னால் போய் அழித்துக்கொண்டன, திரும்ப ஓடின. அது எழுதினதுக்கு அர்த்தமே இல்லை. அர்த்தம் இல்லாததுதான் பயமாக இருந்தது. உள்ளே யாரோ இருந்து பேச்சு வராமல் தவிக்கிற மாதிரி.

வாசலில் ஒரு பெண் "ஏசப்பா, ஏசப்பா" என்று சொல்ல ஆரம்பித்தாள். குமரவேல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எனக்குக் காரணம் தெரியும். சார்ஜரின் அழுக்குக் கரன்டை இந்தத் திரை விரல் என்று நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பேர்கூட உண்டு அதற்கு. தெரிந்தும் என் கைமயிர் நட்டுக்கொண்டு நின்றது.

இசக்கிதான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். எல்லா போனும் அப்படியே அடங்கின. அவள் ரோஸி அக்காவிடம் திரும்பினாள்.

"உள்ள ஆம்பள பேசுனான்னு எங்க அப்பாக்கு போன் போட்டுச் சொன்னீயளாமே. இப்பம் இதையும் சொல்லுங்க அக்கா."

 "சொல்றேன்டி" என்றார் ரோஸி அக்கா.

நவீன் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். பெரிய கம்பெனி போனும் இப்படி ஆடும் என்ற ஆசை அவனை விடவில்லை. ஒரு பெண்ணிடம் அவளுடைய பழைய போனைக் கேட்டு வாங்கினான். பெரிய கம்பெனி போன், மூலை உடைந்தது. அதே டேப் சுற்றின சார்ஜரில் போட்டான். அது அசையாமல் கிடந்தது.

"எப்படி சார் இது மட்டும்?"

"அவங்களுதும் ஒரு காலத்துல ஆடியிருக்கும் தம்பி. எத்தனை வருஷம் எத்தனை ஊர்ல எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கி அடங்கிச்சோ. உங்களுக்கு இதுதான் முதல் திட்டு."

தலைமை அதிகாரி போனில் வந்தார். கம்பெனிச் சார்ஜர் மட்டும் பயன்படுத்தவும் என்று ஒரு சீட்டு அச்சடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பலாமே என்றார். பெரிய கம்பெனியாக இருந்தால் அது நடந்தும் இருக்கும். நான் முடியாது என்றேன். எந்தப் பெண்ணின் ரூமில் எது எதைப் படம் எடுத்து யாருக்கு அனுப்பும் என்று தெரியாத பொருளுக்கு என் கையெழுத்து விழாது என்றேன்.  அவர் நவீனிடம் கொடுக்கச் சொன்னார்.

நவீன் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டான். "சார், நீங்க கையெழுத்துப் போடாததால நின்னுச்சுன்னு சொல்லட்டுமா, நான் நிறுத்தினேன்னு சொல்லட்டுமா?"

"உனக்கு எது வேலையக் காப்பாத்துமோ அதச் சொல்லுப்பா."

 நவீன் கையை எடுத்து, "நான் நிறுத்தறேன் சார்" என்று போனில் சொன்னான்.

அதோடு விடவில்லை. அன்றைக்கு ஷிப்ட் மாறும்போது எல்லாரும் வரிசையில் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்றான். "தப்பு எங்க போன்ல. இசக்கி மேல எந்தத் தப்பும் இல்ல. அவங்க சொல்லலைன்னா இந்தத் தப்போட கடைக்குப் போயிருப்போம்" என்றான். டைப் பண்ணின கடிதம் அதற்கப்புறம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. ஒரு பெரிய கம்பெனி ஆள் அப்படிப் பெட்டி மேல் ஏறி நின்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டேன். அவர்களுக்கு ஒரு வரி சொல்ல மேலிடத்தில் பத்துப் பேரிடம் கேட்கணும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். முடியவில்லை. தீபாவளி போய்விட்டது. கடைக்காரர்கள் அந்த இடத்தை வேறு போனுக்குக் கொடுத்துவிட்டார்கள். புது லைன் ரெண்டு மாசம் கிட்ட நின்றது. பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு அம்மா இருங்காட்டுக்கோட்டை பஸ்ஸில் என்னைப் பார்த்து, "எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குத் துணி எடுக்கல சார். உங்க வூட்டுல எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். நான் எடுத்திருந்தேன். என் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

போனைத் திருத்தினார்கள். திருத்தினதைப் பழைய மாதிரி மேஜையில் சோதிக்க நவீன் சம்மதிக்கவில்லை. ஊர் ஊராகப் பழைய சார்ஜர் வாங்கி ஒரு மூட்டை சேர்த்தான். லாட்டுக்கு லாட் சில போன்களை ஹாஸ்டல் ரூமுக்கு அனுப்பிப் பார்த்தான். அவனுக்கு என்ன கெட்ட பேர் வந்தது, மேலிடம் என்ன சொன்னது, எனக்குத் தெரியாது. அந்த போன் இப்போதும் வருகிறது. சின்னக் கடைகளில் நடுத் தட்டில் இருக்கும். மேல் தட்டுக்குப் போகவில்லை.

கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதுதான் என் பதில். நிக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் மாறப்போகிற லைனில் யாராவது 'தானா ஆடுது' என்று வந்து சொன்னால், அங்கே சிரிக்கிறார்களா, எழுந்து அவர் வீட்டுக்குப் போகிறார்களா என்று பாருங்கள். சிரித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

லைன் மறுபடி ஓட ஆரம்பித்த வாரம் நவீன் திரும்பவும் பத்து போன் கொண்டுவந்து கேன்டீன் மேஜையில் வைத்தான். முன்பு வாங்கின பத்துப் பேரில் வேலையில் மிச்சம் இருந்தது ஆறு பேர். ஒருத்தரும் கை நீட்டவில்லை. முனுசாமி, "எனக்குப் பழசே போதும் சார்" என்று எழுந்து போய்விட்டார். நவீன் போன்களை நேராக அடுக்கினான், மறுபடி அடுக்கினான்.

கடைசியில் இசக்கி ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "என் சார்ஜர்லதான் போடுவேன்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஷிப்ட் முடிந்து வந்தவளிடம், நவீன் பக்கத்தில் நிற்க, நான் கேட்டேன்.

"என்னம்மா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல சார். வச்ச இடத்துல சும்மா கெடந்துச்சு."

நவீன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இசக்கி அவனைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"ஆனா நான் கவுத்துத்தான் வச்சேன் சார்."